சேப்பாக்கம்: நவாபின் மண்ணில் ஒரு விளையாட்டுத் திடல்



சென்னை சேப்பாக்கம் என்றதும் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆட்டக்காரர்களின் பெயர்களை அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். அவர்களைச் சற்றே நிறுத்தி, “அந்த மண் யாருடையதாக இருந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். விடை சொல்லும் பிள்ளைகள் மிகச் சிலராகவே இருப்பர்.

ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா 1768-இல் வங்கக் கடலோரம் எழுப்பியதே சேப்பாக்கம் மாளிகை. கலஸ் மஹல், ஹுமாயூன் மஹல் என்பன அதன் இரு பகுதிகள். இன்று கிரிக்கெட் திடல் அமைந்துள்ள நிலம் அம்மாளிகையின் வளாகத்தைச் சேர்ந்தது. 1855-இல் நவாப் குலாம் கவுஸ் கான் ஆண் வாரிசின்றி மறைந்தார். கம்பெனி ஆட்சியாளர் நவாப் பட்டத்தையே ஒழித்தனர். கடனைக் காரணம் காட்டி மாளிகையும் ஏலத்துக்கு வந்தது; அரசே அதனை வாங்கிக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் வளாகத்தின் ஒரு பகுதி மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் வசமாயிற்று.

ஆள்பவர் மாறினால் அரண்மனை வெளி ஆடுகளமாவதில் வியப்பில்லை. ஆனால், அக்கிளப்பின் அரங்கினுள் இந்தியருக்கு இடமில்லை என்று வைத்திருந்தார்களே, அதுதான் நெஞ்சை உறுத்துகிறது. அதனைப் பொறாத புச்சிபாபு நாயுடு, நம்மவர்க்கென 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார்.

காலம் திரும்பியது. 1952 பிப்ரவரியில் இதே திடலில் இங்கிலாந்தை வீழ்த்தி, இந்தியா தனது முதல் டெஸ்ட் வெற்றியை ஈட்டியது. வினு மன்கட் 12 விக்கெட்டுகளைச் சாய்த்தார். இரண்டாம் இன்னிங்ஸில் அவருக்குத் துணை நின்று 4 விக்கெட்டுகளை எடுத்தவர் ஹைதராபாத்தின் குலாம் அஹ்மத். அப்பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். 1986-இல் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய ஆட்டம் சமநிலையில் முடிந்தது. டெஸ்ட் வரலாற்றில் அவ்வாறு முடிந்தவை அதுவரை இரண்டே.

எனினும், இத்திடலின் குணத்தை அறிய வேண்டுமானால் 1999 ஜனவரி 31-ஆம் நாளைத்தான் பார்க்க வேண்டும்.

பாகிஸ்தான் அணி பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் டெஸ்ட் ஆட இந்தியா வந்திருந்தது. அவ்வணி ஆடக்கூடாது என்று டெல்லியில் ஆடுகளத்தையே தோண்டிப் போட்டிருந்தனர். முதல் டெஸ்ட் சேப்பாக்கத்துக்கு வந்தது. இந்தியாவுக்குத் தேவை 271 ஓட்டங்கள். 82 ஓட்டங்களுக்குள் 5 விக்கெட்டுகள் போய்விட்டன. முதுகு வலியோடு போராடிய சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் குவித்து, வெற்றிக்கு 17 ஓட்டங்களே இருக்கையில் ஸக்லைன் முஷ்தாக்கின் பந்தில் ஆட்டமிழந்தார். அதன்பின் நான்கே ஓட்டங்களில் எஞ்சிய மூவரும் வீழ்ந்தனர். பாகிஸ்தானுக்கு 12 ஓட்ட வெற்றி.

அரங்கம் ஒரு கணம் உறைந்தது. பின்னர் மக்கள் எழுந்து நின்றனர், கை தட்டினர். வசீம் அக்ரமின் அணி திடலைச் சுற்றி வந்து அந்த அன்பை ஏற்றுக்கொண்டது.

அப்படிக் கைதட்டியவர்களின் நாட்டுப்பற்றை எவரும் ஐயுறவில்லை, ஐயுறவும் கூடாது. ஆனால், அன்று அதே கையை நம் வீட்டுப் பையன் ஒருவன் தனியே தட்டியிருந்தால்? “நீ எந்தப் பக்கம்?” என்னும் கேள்வியைப் பள்ளியிலும் தெருவிலும் கேட்டு வளரும் பிள்ளைகளை நான் அறிவேன். அவர்களுக்குச் சேப்பாக்கத்தின் அந்த மாலையைக் கதையாகச் சொல்லுங்கள். தமிழ் மக்கள் திறமைக்கு எழுந்து நின்ற மாலை அது. 2023 அக்டோபரில் ஆப்கானிஸ்தான் அணி இங்கே பாகிஸ்தானை 8 விக்கெட்டுகளில் வென்றபோதும், திடலைச் சுற்றி வந்த அந்த இளைஞர்களை இவ்வரங்கம் ஆரவாரித்தே வாழ்த்தியது.

(ஆட்டத்தில் மூழ்கித் தொழுகையைத் தவறவிடுவதை நான் ஏற்பவனல்லன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

சென்னை சென்றால் திடலோடு திரும்பிவிடாதீர்கள். 2012-இல் தீக்கிரையாகிப் பின்னர் புதுப்பிக்கப்பட்ட கலஸ் மஹலைக் கடற்கரைச் சாலையிலிருந்து பாருங்கள். அங்கிருந்து வாலாஜா சாலை வழியே நடந்தால் திருவல்லிக்கேணி பெரிய பள்ளிவாசல் வந்துவிடும். 1795-இல் மரமும் இரும்புமின்றிக் கருங்கல்லால் எழுப்பப்பட்ட இறையில்லம் அது. அஸர் தொழுதபின் அதன் கல்வெட்டைக் கேட்டறிந்து பாருங்கள். பள்ளி கட்டப்பட்ட ஆண்டைக் குறிக்கும் அந்தப் பாரசீக வாசகத்தை யாத்தவர் ராஜா மக்கன் லால் கிரத் என்னும் இந்து அறிஞர்.