கண்ணாடி போன கேமராவும் கல்லில் அடிச்ச ஆணியும்

மூணு வருஷமா கையில இருந்த கேனான் 1200டி-யை விட்டுட்டு ஆர்50-க்கு மாறி ஒன்றரை மாசம் ஆச்சு மக்களே. "புதுசு எப்படிடா இருக்கு?"ன்னு கிளாஸ்ல கேக்குறவங்களுக்கெல்லாம் "சூப்பர்"னு சொல்லிட்டு நகர்ந்துட்டேன். அது முழு உண்மை இல்ல. அதான் இந்தப் புலம்பல்.

முதல்ல கொஞ்சம் டெக்னிகல் (தெரிஞ்சவங்க அடுத்த பாராவுக்கு ஓடிடுங்க). 1200டி 2014-ல வந்த டிஎஸ்எல்ஆர். லென்ஸ் வழியா வர்ற வெளிச்சத்தை உள்ள இருக்கற கண்ணாடி மேல திருப்பி விடும். வியூஃபைண்டர்ல நாம பாக்குறது அதைத்தான். பட்டனை அழுத்தினா கண்ணாடி "டக்"னு தூக்கும், படம் சென்சார்ல விழும். 2023-ல வந்த ஆர்50-ல கண்ணாடியே கிடையாது. வெளிச்சம் நேரா சென்சாருக்கு. வியூஃபைண்டருக்குள்ள இருக்கறது ஒரு குட்டி டிவி. இந்த வகை 2008-ல பானசோனிக் ஜி1-லயே வந்தாச்சு. என் கைக்கு வரத்தான் இவ்ளோ நாள் :-)

வாங்கின மறுநாளே எங்க ஊர் ஆத்மநாதர் கோவிலுக்குத் தூக்கிட்டுப் போனேன். மூலஸ்தானத்துல படம் எடுக்கற ஆசை எனக்கு வந்ததே இல்ல. அங்க லிங்கமும் கிடையாது, வெறும் ஆவுடைதான், சாமி அருவம். எதிர்ல நந்தி கூட இல்ல. நம்ம வேலை எல்லாம் வெளி மண்டபத்துல, கேட்டுக்கிட்டுத்தான்.

கொடுங்கை பாத்திருக்கீங்களா? கூரை விளிம்பு. மரச்சட்டம், குறுக்குச் சட்டம், அதுல அடிச்ச ஆணி வரைக்கும் எல்லாமே கல்லு. அந்தக் காலத்து சிற்பிங்க ஒப்பந்தம் போடும்போது "ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக"ன்னு எழுதுவாங்களாம். படம் எடுக்கறவனுக்கு அது ஒரு தலைவலி. அடிப்பக்கம் நிழல், பின்னாடி பளீர்னு வானம். 1200டி வானத்தைப் பாத்து ஏமாந்து கொடுங்கையைக் கரியாக்கிடும். ஒரு படம் எடு, பின்பக்கத் திரையைப் பாரு, வெளிச்சத்தைக் கூட்டு, மறுபடி எடு... இப்படி அரை நாள் போகும். அந்த அரை நாள்ல ஒவ்வொரு சட்டமும் எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு.

ஆர்50-ல சக்கரத்தைத் திருப்பத் திருப்ப வியூஃபைண்டருக்குள்ளயே நிழல் வெளுக்குது. வரப்போற படம் முன்னாடியே தெரிஞ்சுடுது. கால் மணி நேரத்துல வேலை முடிஞ்சது. வீட்டுக்கு வந்து பாத்தா இருநூத்துச் சொச்சம் படம். எது எந்த மூலைன்னு எனக்கே தெரியல! பழசுதான் ஒசத்தின்னு சொல்ல வரல, அது பொய். மூணு வருஷமா நான் கவனிக்காத ஒரு ஆணித்தலை புதுசுல எடுத்த ஒரு படத்துல அவ்ளோ தெளிவா இருந்துச்சு.

கோவிலோட போயிருந்தா பரவாயில்ல. விசேஷம் எடுத்து வர்ற காசுலதான் என் பரீட்சை ஃபீஸ். போன மாசம் சித்தி பையனுக்குக் காதுகுத்து. சத்தமில்லாத மோடுல வெச்சிருந்தேன். "டக்" கேக்காததால அத்தை சிரிச்ச வாயை மூடாம நிக்கறாங்க. "எடுத்துட்டியா இல்லையாடா?"ன்னு அதட்டல் வேற.

பையன் தாய்மாமன் மடியில உக்காந்தாச்சு. ஆசாரி ஊசியை எடுத்துட்டார். வியூஃபைண்டர் இருட்டிடுச்சு. பேட்டரி காலி. தப்பு என்னோடதுதான். பழசுல கண்ணாடி காட்டற காட்சிக்கு கரண்ட் வேண்டாம், ஒரு சார்ஜுக்கு 500 படம் வரை தாங்கும். அதே பழக்கத்துல காலைல இருந்து ஆன் பண்ணியே கழுத்துல தொங்க விட்டுட்டேன். இங்க சென்சாரும் குட்டி டிவியும் ஓடிக்கிட்டே இருக்கும்ல? மாத்து பேட்டரியும் வாங்கல.

நல்லவேளை, பையில 1200டி கிடந்துச்சு. அன்னிக்கு சாயங்காலம் ஜூனியர் பையன் ஒருத்தனுக்குக் கொடுக்கறதா பேச்சு, அட்வான்ஸ் மூவாயிரம் வாங்கியே செலவும் பண்ணியாச்சு. எடுத்தேன், அழுத்தினேன், "டக்". குழந்தை வீல்னு கத்தின அந்த ஒரு படம் மட்டும் பழசுல எடுத்தது. சித்தி அதைத்தான் ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்காங்க.

நம்ம பாடத்துல குறைந்து செல் மதிப்பு முறைன்னு ஒண்ணு வருமே, வருஷா வருஷம் தேய்மானம் கழிச்சாலும் சொத்தோட மதிப்பு பூஜ்யத்தைத் தொடவே தொடாது. அன்னிக்குத்தான் அந்தக் கணக்கு புரிஞ்சுது. அதுக்காக விக்காம இருக்க முடியுமா? புதுசுக்கு வாங்கின கடன் இருக்கே. சாயங்காலம் கொடுத்துட்டேன். வந்த காசுல முதல் செலவு மாத்து பேட்டரி.

ரெண்டு நாள் கழிச்சு ஜூனியர் போன் பண்ணான்.

"அண்ணே, வியூஃபைண்டர்ல தெரியாத ஓரமெல்லாம் படத்துல வருதே, ரிப்பேரா?"

"இல்லடா தம்பி. அதுல 95 சதவீதம்தான் தெரியும். மிச்சத்தை நீயே ஊகிச்சுக்கணும்."