கூவத்தோட ஒரு ஞாயிறு!

அடுத்த ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு எந்திரிக்க முடியுமா? (முடியாதுன்னு தெரியும். நானும் ஹாஸ்டல்வாசிதான்!) அப்படியே எந்திரிச்சா, ஒரு ஜோடி பழைய ஷூ, ஒரு தண்ணி பாட்டில், ஒரு கர்ச்சீஃப் எடுத்துக்கிட்டு நேப்பியர் பாலத்துக்கு வந்துடுங்க. கர்ச்சீஃப் எதுக்குன்னு கேட்காதீங்க. நாம கூவத்தை ஒட்டி நடக்கப் போறோம்.

2022-ல் செஸ் ஒலிம்பியாடுக்காக கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டாங்களே, அதே பாலம்தான். செல்ஃபி எடுத்து முடிச்சாச்சா? இப்ப கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. இங்கிருந்து ஆத்தோட போக்கை எதிர்த்து கோயம்பேடு வரைக்கும், அப்புறம் பூந்தமல்லி ஹைரோடு மேலயே மதுரவாயல் வரைக்கும், ஒரு ரோடு பறக்கணும். சென்னைத் துறைமுகம் - மதுரவாயல் பறக்கும் சாலை. அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் 2009 ஜனவரியில அடிக்கல் நாட்டினார். நீளம் 19 கிலோமீட்டர், மதிப்பு 1,655 கோடி ரூபாய். அப்ப எனக்கு நாலு வயசு. இப்ப நான் மூணாவது வருஷம் சிவில் படிக்கிறேன். இன்னும் அந்த ரோட்ல ஒரு சைக்கிள்கூடப் போகலை.

நடுவுல என்ன ஆச்சு? தூண்கள் முளைச்சுக்கிட்டே வந்தது. 2012-ல் தமிழக அரசு வேலையை நிறுத்தச் சொல்லிடுச்சு. தூண்களை ஆத்துக்குள்ளயே போடறாங்க, வெள்ளம் வந்தா தண்ணி போகாதுங்கறது காரணம். 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து பண்ணுச்சு. ஆனாலும் வேலை நகரலை. கடைசியில 2022 மே மாசம் பிரதமர் மோடி மறுபடி ஒரு அடிக்கல் வெச்சார். இந்தத் தடவை டபுள் டெக்கர்! கீழ் அடுக்கு நம்ம கார், பஸ்ஸுக்கு. ஏறி இறங்க 13 சரிவுப் பாதைகள். மேல் அடுக்குல கன்டெய்னர் லாரிகள் நேரா துறைமுகம். செலவு 5,800 கோடிக்குப் பக்கத்துல. புதுசும் கூவத்தை ஒட்டியேதான்.

"ஆத்துல நாலு தூண் நின்னா என்ன பாஸ், அது சாக்கடைதானே"ன்னு என் ரூம்மேட் கேட்டான். அவன் கம்ப்யூட்டர் சயின்ஸ், மன்னிச்சுடலாம். ஓடற வாய்க்கால்ல ரெண்டு காலையும் வெச்சு நின்னு பாருங்க. காலுக்கு முன்னாடி, தண்ணி வர்ற பக்கம், மட்டம் லேசா ஏறும். எங்க புக்ல இதுக்குப் பேரு அஃப்ளக்ஸ். பரீட்சையில வரும்! ஒரு காலுக்கு அது ஒண்ணுமே இல்லை. வரிசையா தூணை நட்டு, அதுல குப்பையும் சிக்கி, மேல 2015 டிசம்பர் மாதிரி ஒரு மழையும் சேர்ந்தா, அந்த லேசான ஏத்தம் யார் வீட்டு வாசப்படியில நிக்கும்ங்கறதுதான் கேள்வி. சரியா டிசைன் பண்ணினா சமாளிக்கலாம்னு எங்க சார் சொல்றார். நானும் நம்பறேன். ஆனா சரியா பண்ணுவாங்களான்னு கரையில இருக்கறவங்க கேட்டா, அது அறியாமை இல்லை.

நடங்க, நடங்க. இடது பக்கம் வர்றது சிந்தாதிரிப்பேட்டை. 1734-ல் நெசவாளர்களுக்காக உண்டாக்கின ஊர். இந்தத் தீவுத்திடல் பக்கத்துல சத்தியவாணி முத்து நகர்னு ஒரு குடியிருப்பு இருந்தது. எனக்கு அங்கேதான் வேலை.

ஒன்பதாம் வகுப்புல என் பெஞ்ச் மேட் அந்த ஏரியாக்காரன். கணக்குல நான் அவனைப் பார்த்துத்தான் எழுதுவேன். ஸ்கூல் விட்டா நேரா சேத்துப்பட்டு பக்கம் ஓடிப் போய், பாதியில நின்னுபோன பறக்கும் சாலைத் தூண்ல கரிக்கட்டையால மூணு கோடு போடுவோம். அதான் ஸ்டம்ப்! அவ்வளவு பெரிய ஸ்டம்ப்பை வெச்சு உலகத்துல யாரும் கிரிக்கெட் ஆடியிருக்க மாட்டாங்க. அந்தத் தூணெல்லாம் எதுக்குன்னே எங்களுக்குத் தெரியாது.

2019 டிசம்பர், அரைப் பரீட்சை நேரம். அவங்க ஏரியாவை காலி பண்ண ஆரம்பிச்சாங்க. போக வேண்டிய இடம் பெரும்பாக்கம், 20 கிலோமீட்டருக்கு மேல. காரணம், 'கூவம் சீரமைப்பு'. ரோடு வேற திட்டம், ஆறு வேற திட்டம்னு அதிகாரிங்க தெளிவாத்தான் பிரிக்கிறாங்க. ஆனா கரை ஒண்ணுதானே? லீவு முடிஞ்சு வந்தான். ரெண்டு பஸ் மாறி, முதல் பீரியடு முடியற நேரத்துக்கு வியர்த்து விறுவிறுத்து வருவான். ஒரு மாசம் வந்தான். அப்புறம் வாரத்துல மூணு நாள். மார்ச்ல கொரோனா. அதோட அந்த பெஞ்ச்ல நான் மட்டும்தான்.

இதைப் படிச்சுட்டு 'ரோடே வேணாம்'னு நான் கோஷம் போடறதா நினைச்சுடாதீங்க. என் தாய்மாமா கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டறார். பகல்ல ஊருக்குள்ள விட மாட்டாங்க. வடக்கே சுத்திக்கிட்டு, எண்ணூர் ரோட்ல துறைமுக கேட்டுக்கு வரிசையில நிக்கணும். சோறு, தூக்கம் எல்லாம் ஸ்டீயரிங்குக்குக் கீழதான். "வண்டி ஓட்டறதைவிட நிறுத்தி வெச்சுருக்கறதுதான்டா என் உத்தியோகம்"பார். அக்கா கல்யாணத்துக்கு தாலி கட்டி முடிச்சப்புறம்தான் வந்து சேர்ந்தார். அவருக்கு அந்த மேல் அடுக்கு நாளைக்கே வேணும். அவர்கிட்ட அஃப்ளக்ஸ் பத்திப் பேச எனக்கு வாய் வரலை.

எழும்பூர், சேத்துப்பட்டு, சூளைமேடு, அமைந்தகரை (பேர்லயே கரை இருக்கு பாருங்க). இந்த நடையில ஒரு கூத்து கவனிச்சேன். ஆத்துக்கு ஒரு பக்கம் காலேஜ், ஆஸ்பத்திரி, அபார்ட்மென்ட். அங்கே தூசி, சத்தம், பால்கனிக்கு நேரா லாரி போகுமேங்கற கவலை. நியாயமான கவலைதான். இந்தப் பக்கம் தகர வீடுகள். அங்கே கவலையே வேற: எங்களை எங்கே, எப்போ? ஒரு டீக்கடை அக்கா என் நோட்டைப் பார்த்ததும், "கணக்கெடுக்க வந்தியா தம்பி?"ன்னுதான் முதல்ல கேட்டாங்க. இல்லைக்கா, பத்திரிகைன்னு சொன்னப்புறம்தான் டீ வந்தது. அரும்பாக்கத்துல 2021 ஜூலையில ராதாகிருஷ்ணன் நகர் வீடுகளை இடிச்சது அவங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

கோயம்பேட்டுல நம்ம நடை முடிஞ்சது. நீங்க வீட்டுக்குப் போய் தூங்குங்க. நான் பெரும்பாக்கம் பஸ் ஏறினேன்.

பெஞ்ச் மேட்டைக் கண்டுபிடிக்க ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. எல்லா பிளாக்கும் ஒரே மாதிரி. ஏழாவது மாடி, அன்னிக்கு லிஃப்ட் வேலை செய்யலை. மூச்சு வாங்க நின்னா, கதவைத் திறந்தவன் முதல்ல சிரிச்சான். ஃபுட் டெலிவரிக்குப் போறானாம். தினமும் பைக்ல சிட்டிக்குப் போய் நைட்தான் திரும்பறான். வீடு நல்லாதான் இருக்கு, மழைக்கு ஒழுகலை, பாத்ரூம் உள்ளேயே இருக்குன்னு அவங்க அம்மா சொன்னாங்க. "ஆனா வேலைக்குப் போக பஸ்ஸு, வர பஸ்ஸு, சம்பாதிக்கறதே பஸ்ஸுக்குத்தான் கண்ணு."

பறக்கும் சாலை வந்தா டெலிவரிக்கு ஈஸியா இருக்குமேடான்னு கேட்டேன். முட்டாள்தனமான கேள்விதான், வாய் தவறி வந்துடுச்சு. அவன் கோவிச்சுக்கலை. கொஞ்சம் யோசிச்சுட்டு, "அதுல பைக்கை விடுவாங்களாடா?"ன்னான். எனக்குத் தெரியலை. திட்டத்தைப் பத்தி அவ்வளவு படிச்சுட்டுப் போயிருந்தேன், இதை மட்டும் பார்க்கலை.

கிளம்பறப்ப படிக்கட்டு வரைக்கும் வந்தான். "நம்ம ஸ்டம்ப் இருக்கா?"ன்னு கேட்டான். காலையில சேத்துப்பட்டுல அரை மணி நேரம் தேடினேன், எதுன்னே கண்டுபிடிக்க முடியலைடான்னேன். "அடுத்த ஞாயிறு நான் வந்து காட்டறேன். காலைல ஆர்டர் கம்மிதான்"னான்.

ஆறு மணிக்கு, நேப்பியர் பாலம். நீங்களும் வர்றதா இருந்தா வாங்க, டீமுக்கு ஆள் வேணும்.