பம்ப் ஆக்‌ஷன் வாங்கலாமா மாமா?

இந்தக் கேள்வியைக் கேட்டது என் அக்கா மகன். வயசு இருபத்திமூணு. டிகிரி முடிச்சுட்டு இப்ப தோட்டத்தைப் பார்த்துக்கிறான். நாலு ஏக்கர் காபி, சில்வர் ஓக் மரத்துல ஏத்தின மிளகு, ஊடால மலைவாழை. பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் வந்திருக்கிறவங்களுக்கு எங்க தோட்டம் எப்படி இருக்கும்னு தெரியும்.

மூணு காரணம் சொன்னான். துப்பாக்கிப் பயிற்சி எடுக்கணும். அப்புறம் போட்டிக்குப் போகணும். மூணாவது, "தோட்டத்துக்கும் ஆச்சு மாமா". ஒரே துப்பாக்கியில மூணும் முடியணும்னா பம்ப் ஆக்‌ஷன்தான்னு வீடியோ பார்த்து முடிவே பண்ணிட்டான். பணத்துக்கு, மச்சான் விலை ஏறட்டும்னு வச்சிருக்கிற மிளகு மூட்டைகள் மேல கண்ணு. அக்கா எனக்குப் போன் பண்ணி, "நீயே ஒரு முடிவு சொல்லுடா, நீ சொன்னாத்தான் கேப்பான்"னு சொல்லிடுச்சு. எங்க வீட்டுல அப்பா காலத்துல இருந்து லைசென்ஸ் துப்பாக்கி இருக்கு. அப்பாவுக்கு அப்புறம் என் பேருக்கு மாத்தி இன்னிக்கு வரைக்கும் புதுப்பிச்சுட்டு வர்றேன். அதனால இந்த விஷயத்துல சொந்தக்காரங்களுக்கு நான்தான் வாத்தியார்.

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுறேன். டவுன்ல இருக்கிற நீங்களும் நடிகர் அஜித்குமார் மாநிலப் போட்டியில மெடல் வாங்கின பிறகு இந்த மாதிரி கேள்வி கேட்க ஆரம்பிச்சிருக்கீங்க. அவர் மெடல் வாங்கினது பிஸ்டல் பிரிவுகள்ல. நான் பேசப்போறது ஷாட்கன் பத்தி. ரெண்டும் வேற வேற.

முதல்ல, 'தோட்டத்துக்கும் ஆச்சு'ங்கிறதை எடுத்துக்குவோம்.

பயிர்ப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி வைக்கிறது இந்த மலையில பழைய வழக்கம். 1959 ஆயுதச் சட்டத்துலயே அதுக்கு இடம் இருக்கு. ஆனா அந்தச் சட்டம் பயிர்க்காவலுக்குன்னு முதல்ல சொல்றது நாட்டுத்துப்பாக்கியைத்தான், அதாவது குழல் வாய் வழியா மருந்து போட்டு இடிக்கிறது. அது போதாதுன்னு அதிகாரிக்குப் பட்டாத்தான் வேற வகை ஷாட்கன்னுக்கு அனுமதி தரலாம். எங்க அப்பா வாங்கினது ஒத்தக்குழல் பன்னெண்டு போர். நடுவுல மடக்கி ஒரு தோட்டா போட்டு மூடுறது. அவ்வளவுதான்.

அந்த ஒத்தக்குழல் எங்களுக்கு என்ன வேலை செய்யுதுன்னா, சத்தம் போடுது. வெடிக்கு என்ன வேலையோ அதே வேலை. ஏன்னா எதையும் சுட முடியாது. காட்டுமாடு 1972 வன உயிரினச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு. யானையும் அப்படித்தான். கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் 2013-ல அறிவிச்சாங்க, 600 சதுர கிலோமீட்டருக்கு மேல. எங்க தோட்டங்கள் பலதுக்கும் பக்கத்து நிலம் காடுதான். மிச்சம் இருக்கிறது காட்டுப்பன்னி. பன்னி நஷ்டம் சின்ன நஷ்டம் இல்ல. ஒரு ராத்திரியில வாழைக்கன்னு வரிசையையே மூக்கால உழுது போட்டுடும். ஆனா அதையும் நாமளா சுட முடியாது. 2025 தொடக்கத்துல தமிழ்நாடு அரசு ஒரு ஏற்பாடு சொன்னாங்க: காப்புக்காட்டுல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள சுடவே கூடாது, ஒண்ணுல இருந்து மூணு கிலோமீட்டர் வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடணும், அதுக்கும் அப்பால வந்தா வனத்துறை ஆளுங்களே சுடுவாங்க. கேரளாவுல 2022-ல உள்ளாட்சித் தலைவருக்கு அதிகாரம் குடுத்து, லைசென்ஸ் வச்சிருக்கிறவங்களைக் கூப்பிட்டுச் சுடச் சொல்ற முறை வந்துச்சு. அது அங்கே. நம்ம பக்கம் அப்படி இல்ல.

அப்ப தோட்டத்துக்குப் பம்ப் ஆக்‌ஷன் எதுக்கு? அஞ்சு தடவை சத்தம் போடவா? பயலுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஒரு காரணம் அதோட போச்சு.

அடுத்தது இந்தப் பம்ப் ஆக்‌ஷன் என்னன்னு பார்ப்போம். மோசமான சாமான்னு நான் சொல்ல மாட்டேன். குழலுக்குக் கீழ இன்னொரு குழாய் இருக்கும். தோட்டாக்கள் அதுல வரிசையா படுத்திருக்கும். இடது கையால பிடிக்கிற முன்கட்டை முன்னும் பின்னும் நகரும். பின்னால இழுத்தா சுட்ட தோட்டாக் கூடு வெளிய தெறிக்கும், முன்னால தள்ளினா புதுத் தோட்டா ஏறிக்கும். நம்ம கை பலத்துல ஓடுறதால, தோட்டாவுல மருந்து கம்மியா இருந்தாலும் அதுபாட்டுக்கு வேலை செய்யும். தானியங்கி வகைகள்ல சுடுற வேகத்தைக் கொண்டே அடுத்த தோட்டா ஏறணும், அதனால மருந்து கம்மியான தோட்டாவுல சிக்கும். பம்ப்ல அந்தத் தொல்லை இல்ல.

அமெரிக்காவுல இதுக்குப் பெரிய சரித்திரம். வின்செஸ்டர் 1897 மாடலை முதல் உலகப்போர்ல பதுங்குகுழிச் சண்டைக்கு எடுத்துட்டுப் போனாங்க. 1950-ல வந்த ரெமிங்டன் 870 இன்னிக்கும் அங்கே போலீஸ்காரங்க கையிலயும் வேட்டைக்காரங்க கையிலயும் இருக்கு. நம்ம ஊர்லயும் தயாரிக்கிறாங்க, அதுவும் தூரத்துல இல்ல, திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில. பன்னெண்டு போர் பம்ப் ஆக்‌ஷன் அங்கே செஞ்சு போலீசுக்கும் குடுக்கிறாங்க, லைசென்ஸ் உள்ள பொதுமக்களுக்கும் விக்கிறாங்க. வெளிநாட்டுத் துப்பாக்கியைச் சாதாரண ஆளு நேரடியா இறக்குமதி பண்ண முடியாது. அதனால வாங்குறதுன்னா பெரும்பாலும் நம்ம நாட்டுத் தயாரிப்புதான், இல்லைன்னா யாராவது விக்கிற பழைய சீமைத் துப்பாக்கி. குழல் நீளத்தையும் பார்க்கணும். 20 அங்குலத்துக்குக் கம்மியா இருந்தா அது தடை செஞ்ச வகையில போயிடும்.

இப்ப பயிற்சிக்கு வருவோம். 2016 ஆயுத விதிகள் வந்த பிறகு, லைசென்ஸ் கேட்கிறவங்க பாதுகாப்புப் பயிற்சி எடுக்கணும். எப்படிப் பிடிக்கிறது, எப்படிச் சுடுறது, எப்படிப் பூட்டி வைக்கிறது, எப்படி எடுத்துட்டுப் போறது, சட்டம் என்ன சொல்லுது, இதெல்லாம் அதுல வரும். புதுசா கத்துக்கிறவனுக்கு எது நல்லதுன்னா, மடக்குற துப்பாக்கிதான்னு நான் சொல்லுவேன். காரணம் எளிசு. மடக்கித் திறந்துட்டா, உள்ளே தோட்டா இருக்கா இல்லையான்னு பத்தடி தள்ளி நிக்கிறவனுக்கும் தெரியும். குழல் வழியா வெளிச்சமே தெரியும். பம்ப்ல அப்படி இல்ல. ஒரு தோட்டாவை வெளிய தள்ளிட்டோம்னு நிம்மதியா இருப்போம், கீழ்க்குழாயில இன்னொண்ணு படுத்திருக்கும். கண்ணால பார்த்து, விரல் விட்டுத் தடவிப் பார்த்தாத்தான் உறுதி. பதட்டத்துல முன்கட்டையைப் பாதி இழுத்துட்டுத் தள்ளுறதும் புது ஆளுங்க வழக்கமா செய்யுறது. தோட்டா குறுக்க மாட்டிக்கும். அப்ப சிக்கின தோட்டாவோட துப்பாக்கியைத் திருப்பிப் பார்க்கிறான் பாருங்க, அந்த நேரம் பக்கத்துல நிக்கிறவனுக்குத்தான் ஆபத்து.

இன்னொரு விஷயம், அளவு. சட்டை மாதிரிதான் துப்பாக்கியும். பின்கட்டை தோள்ல வைக்கையில கன்னம் தானா வந்து கட்டையில உக்காரணும், கண்ணு குழலுக்கு நேரா இருக்கணும். கட்டை நீளமா இருந்தா தோள்ல தட்டும், குட்டையா இருந்தா கட்டைவிரல் மூக்குல வந்து இடிக்கும். பன்னெண்டு போர் உதை லேசுப்பட்டது இல்ல. எடை கம்மியான துப்பாக்கி தூக்க நல்லா இருக்கும், ஆனா உதை கூட. படத்தைப் பார்த்து வாங்குற சாமான் இல்ல இது, தோள்ல வச்சுப் பார்த்து வாங்குறது.

பழசு வாங்குறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய சீமைத் துப்பாக்கி பலதுல தோட்டா அறை 65 மில்லிமீட்டர். இப்ப வர்ற தோட்டா பெரும்பாலும் 70. 70 தோட்டா 65 அறைக்குள்ள சுகமா போய் உக்காரும். அதனாலதான் ஆபத்து. சுடும்போது தோட்டா வாய் விரிய இடம் பத்தாம அழுத்தம் ஏறிடும். குழல்ல என்ன பொறிச்சிருக்குன்னு படிக்காம வாங்கக்கூடாது.

கடைசியா போட்டி. இதைக் கேட்டதும்தான் பயல் முகம் மாறிப்போச்சு. ஒலிம்பிக்ல நடக்கிற டிராப், ஸ்கீட் ரெண்டுலயும், உலகத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு விதிப்படி, பம்ப் ஆக்‌ஷனுக்கு அனுமதியே கிடையாது. பன்னெண்டு போரும் அதுக்குச் சின்னதும் சரி, பம்ப் மட்டும் ஆகாதுன்னு தெளிவா எழுதியிருக்கு. இந்திய தேசிய ரைபிள் சங்கம் நடத்துறதும் அந்த விதிப்படிதான். வீடியோவுல அவன் பார்த்தது வெளிநாட்டுல ஓடிக்கிட்டே சுடுற வேற வகைப் போட்டி. அதுல பம்ப்புக்குத் தனிப் பிரிவே இருக்கு. மாவட்டம், மாநிலம், தேசியம்னு நம்ம பையன் ஏற நெனக்கிற ஏணி வேற.

டிராப் எப்படின்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். முன்னால பள்ளத்துல இருக்கிற மெஷின்ல இருந்து 110 மில்லிமீட்டர் அகலத்துல ஒரு தட்டு பறக்கும். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல வேகம். எந்தப் பக்கம் வரும்னு தெரியாது. தகுதிச் சுற்றுல ஒரு தட்டுக்கு ரெண்டு வெடி சுடலாம். ஒரு சுற்றுக்கு 25 தட்டு, மொத்தம் 125. தோட்டாவுல 24 கிராம் ஈயக் குண்டுதான் அளவு. மேலும் கீழுமா அடுக்கின ரெட்டைக்குழல் துப்பாக்கியைத்தான் பெரும்பாலும் எல்லாரும் வச்சிருப்பாங்க. சுடாத நேரம் பூரா மடக்கித் திறந்தே தூக்கிட்டு நடக்கணும், அதுவும் விதி.

இதுல நம்ம தமிழ்நாட்டு ஆளு ஒருத்தர் இருக்கார். புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிருத்விராஜ் தொண்டைமான். ஹாங்சோ ஆசிய விளையாட்டுல டிராப் அணியில தங்கம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கும் போனார். புதுக்கோட்டையிலயே ஷாட்கன் சுடுற மைதானம் இருக்கு. எங்க மலையில இருந்து இறங்கினா திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை. ஒரு நாள் பயணம்தான்.

"அப்ப ரெட்டைக்குழலே வாங்கிடலாமா மாமா?"ன்னான் உடனே. அங்கேதான் கணக்குப் போடச் சொன்னேன். துப்பாக்கி ஒரு தடவைச் செலவு. தோட்டா அப்படி இல்ல. ஒரு நாள்ல நாலு சுற்று பழகினா நூறு தட்டு. தட்டுக்கு ரெண்டு வெடின்னா இருநூறு தோட்டா வரைக்கும் போகும். என் லைசென்ஸ் புத்தகத்துல ஒரு நேரத்துல 25 தோட்டாதான் வச்சுக்கலாம்னு எழுதியிருக்கு. அந்தப் புத்தகத்தை வச்சுக்கிட்டு யாரும் வீரனாக முடியாது. விளையாட்டு வீரர்களுக்குத் தனி அளவு உண்டு, ஆனா அதுக்குக் கிளப்புல உறுப்பினராகி, சுட்டுக் காட்டி, அந்த வழியா வரணும்.

அதோட வீட்டுல ஒரு துப்பாக்கி இருந்தா அது இன்னொரு ஆளை வச்சுப் பராமரிக்கிற மாதிரி. எங்க ஊர் பனியில பத்து நாள் துடைக்காம விட்டா குழல்ல துரு பூத்துடும். தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல கொண்டுபோய் ஒப்படைச்சு ரசீது வாங்கணும். லைசென்ஸ் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும், அதுக்குத் திண்டுக்கல்லுக்கு எத்தனை நடை நடக்கணும்னு என் செருப்பைக் கேளுங்க. கல்யாணம், திருவிழான்னு வீட்டைப் பூட்டிட்டுப் போனா மனசு பாதி வீட்டுலயே இருக்கும். வேலிச் சண்டை, பாகச் சண்டை நடக்கிற வீட்டுல அது இருக்கவே கூடாது. பன்னின்னு நெனச்சு இருட்டுல ஆளைச் சுட்ட செய்தி பேப்பர்ல அப்பப்ப வருது. சுட்டவனும் யாரோ ஒரு விவசாயிதான், செத்தவனும் விவசாயிதான்.

நான் சொன்ன வரிசை இதுதான். முதல்ல ஒரு கிளப்புல சேரு. அவங்க துப்பாக்கியில, பயிற்சியாளர் கண்ணெதிரே, ஆறு மாசம் பழகு. தட்டு உடையுதான்னு பாரு. ஆசை அப்பவும் இருந்தா, உன் தோள் அளவும் தெரிஞ்சிருக்கும், டிராப்பா ஸ்கீட்டான்னும் தெரிஞ்சிருக்கும். அப்ப விளையாட்டுன்னு காரணம் எழுதி லைசென்ஸுக்குப் போடு. 2019 திருத்தத்துக்கு அப்புறம் சாதாரணமா ஒரு ஆளுக்கு ரெண்டு துப்பாக்கிதான். அதுல ஒண்ணைப் போட்டிக்கு உதவாத பம்ப்புக்குக் குடுத்து வீணாக்காத.

அவனுக்குக் கோபம்தான். "உங்களுக்குப் பழைய ஒத்தக்குழலைத் தவிர எதுவும் பிடிக்காது"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போனான். ரெண்டு நாள் கழிச்சு விதிப் புத்தகத்தை அவனே போன்ல தேடிப் படிச்சிருக்கான். இப்ப கிளப்புல சேர போலீஸ் சரிபார்ப்பு, டாக்டர் சான்று எல்லாத்துக்கும் பேப்பர் சேர்த்துக்கிட்டு இருக்கான். மச்சான் மூட்டையில ஒண்ணை மட்டும் சேர்க்கைப் பணத்துக்குப் போட்டுக் குடுத்தார். மிச்ச மிளகு அப்படியே இருக்கு, விலை இன்னும் கொஞ்சம் ஏறட்டும்னு பார்க்கிறோம்.