கடைமடையில் நினைத்த கடிதம்

பேராவூரணியில் ரயிலை விட்டிறங்கி, தென்னந்தோப்புகளின் வழியே கல்லணைக் கால்வாய்க் கரையை அடைந்தோம். மேட்டூர்த் திட்டத்தோடு 1934-இல் பிறந்த கால்வாய் இது. கடைமடை ஜனங்களுக்கல்லவா தண்ணீரின் அருமை தெரியும்! கண்களை மூடிக்கொண்டு நீரில் கை வைத்தோம்.

ஆசிரியை ஆன் ஸல்லிவன், 1887 ஏப்ரல் 5-ஆந் தேதி அமெரிக்காவின் டஸ்கம்பியாவிலிருந்து தம் சிநேகிதிக்கு எழுதிய கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. கண்ணும் காதும் இழந்த ஆறு வயது ஹெலன் கெல்லருக்குக் குவளைக்கும் பாலுக்கும் பேதம் விளங்கவில்லை. குழாயடியில் ஒரு கைமேல் நீர் கொட்ட, மறு கையில் ‘தண்ணீர்’ என்று விரலெழுத்தால் எழுதினார் ஆசிரியை. குவளை கீழே விழுந்தது; சொல் பிறந்தது. சில மணி நேரத்தில் முப்பது புதுச் சொற்கள்!

நாமோ நீரைக் காட்டாமலே ‘நீர்’ என்று நூறு முறை எழுதச் சொல்லுகிறோம்.

“என்ன ஸார், தண்ணி ஜில்லுன்னு இருக்கா?” என்றான், எருமை குளிப்பாட்டிய பையன்.