திரும்பி வாறது லண்டனால

அம்மம்மாவுக்குக் கனடா விசா வந்த அன்றிரவே வீட்டில் சண்டை தொடங்கிவிட்டது. கிடைக்குமா கிடைக்காதா என்று மூன்று மாதமாகப் பத்திரகாளிக்கு நேர்ந்துகொண்டிருந்த வீடு, கிடைத்ததும் எந்த பிளேனில் ஏற்றுவது என்று இரண்டாகப் பிரிந்தது. நாங்கள் மூன்று பேரப்பிள்ளைகள்தான் போனில் டிக்கெட் தேடத் தெரிந்தவர்கள் என்பதால், தீர்ப்புச் சொல்லுகிற வேலை எங்கள் தலையில்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு நேரே போகிற விமானம் கிடையாது. தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். இதைவிடத் தூரமான சிங்கப்பூர்–நியூயோர்க் பாதையிலேயே நிற்காமல் பறக்கிறார்கள், ஆகவே இயந்திரத்தால் முடியாத காரியம் இல்லை. எங்கள் ஆட்கள் ரொறன்ரோவில் எவ்வளவு பேர் இருந்தாலும் அப்படியொரு விமானத்தைத் தினமும் நிரப்ப நாங்கள் போதாது என்றுதான் நினைக்கிறோம். அதனால் எங்களுக்கு 'டைரக்ட்' என்றால், ஒரே ஒரு இடத்தில் மட்டும் மாறுவது.

தம்பி இந்த இடத்தில் ஒரு கதை சொன்னான். இரண்டாம் உலகப் போர் நேரம், 1943க்கும் 1945க்கும் இடையில், காலிப் பக்கம் கொக்கலவிலிருந்து அவுஸ்திரேலியாவின் பேர்த்துக்கு கட்டலீனா என்ற கடல் விமானங்கள் எங்கும் நிற்காமல் பறந்திருக்கின்றன. 27 மணித்தியாலத்துக்குக் குறையாது, சிலநேரம் 30ஐயும் தாண்டும். ஏறியவர்கள் ஆகாயத்திலேயே இரண்டு சூரிய உதயம் பார்த்தார்களாம். "அந்தக் காலத்திலேயே இலங்கையில இருந்து டைரக்ட் இருந்திருக்கு" என்றான். அம்மம்மா கேட்டது ஒன்றுதான்: "அதில கக்கூஸ் இருந்ததோ?"

இனிக் கணக்கு. ஒரு பக்கம் டோஹா. கொழும்பிலிருந்து ஐந்து மணித்தியாலம், அங்கே மாறி, ரொறன்ரோவுக்குப் பதினாலு. மறுபக்கம் லண்டன். ஸ்ரீலங்கன் விமானத்தில் நேரே ஹீத்ரோ, பதினொரு மணித்தியாலம். பிறகு அத்லாந்திக்கைத் தாண்ட எட்டு. கூட்டிப் பாருங்கள், இரண்டும் பத்தொன்பது! கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு சரிவருவதற்கே இரண்டு நாள் போனது. வானத்தில் இருக்கப்போகும் நேரம் ஒன்றுதான் என்றால், சண்டை எதைப் பற்றி?

அம்மம்மாவின் காலைப் பற்றி என்று அம்மா சொன்னா. எழுபத்தினாலு வயது, முழங்கால் தேய்ந்துவிட்டது, பதினாலு மணித்தியாலம் ஒரே சீற்றில் குந்த வைக்கலாமா? நியாயமான பயம்தான். நான்கு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் இருந்து பயணம் செய்தால் காலில் இரத்தம் கட்டியாகும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. அடுத்தடுத்துப் பல பறப்புகள் ஏறினாலும் ஆபத்துக் கூடும். ஆகவே "இடையில இறங்கிக் கால் நீட்டினாச் சரி" என்ற அம்மாவின் வாதம் பாதிதான் நின்றது. ஓரத்துச் சீற், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பி நடை, காலுக்கு இறுக்கமான சொக்ஸ், இதெல்லாம் எந்த வழியால் போனாலும் வேண்டும். வீல்செயாரும் அப்படித்தான். முன்கூட்டியே, குறைந்தது 48 மணித்தியாலத்துக்கு முன் சொல்லிவைத்தால் காசில்லாமல் தருவார்கள். மொழி தெரியாதவர்களுக்கு வீல்செயார் காலுக்கு மட்டும் இல்லை. தள்ளிக்கொண்டு போகிறவர் சரியான கேற்றில் கொண்டுபோய் விடுவார்.

அம்மம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மூதூர்க் கதையைத் தொடங்கினா. அவவின் ஊர் கட்டைபறிச்சான். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அங்கிருந்து திருகோணமலைக்கு வர இரண்டு வழி. ஒன்று லோஞ்ச்: மூதூரில் ஏறினால் கொட்டியாரக்குடாவை நேரே வெட்டி, ஒரு மணித்தியாலத்தில் எங்கள் உள்துறைமுக வீதி இறங்குதுறை. மற்றது பஸ்: இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா என்று ஒவ்வொரு துறையிலும் இறங்கிப் பாதைக்குக் காத்திருக்க வேண்டும். பாதை என்றால் எங்கள் பக்கத்தில் றோட்டு இல்லை, ஆற்றைக் கடத்திவிடும் மிதவை.

"அப்ப நீங்கள் எதில வருவீங்கள் அம்மம்மா?"

"கடல் அடிச்சா பஸ். இல்லாட்டி லோஞ்ச். ஆனா சாமான் கொண்டு வந்தா லோஞ்ச்தான். ஒவ்வொரு பாதையிலயும் மூட்டையை இறக்கி ஏத்தினா, ஒரு மூட்டை எங்கையாவது நிண்டிடும்."

இதைக் கேட்ட பிறகுதான் பயண முகவர் அண்ணா சொன்ன விசயம் எங்களுக்கு முழுதாக விளங்கியது. டிக்கெட் ஒரே டிக்கெட்டாக இருக்க வேண்டும். இரண்டு கொம்பனியிடம் இரண்டு துண்டாக வாங்கினால் மலிவாக வரும், உண்மைதான். எங்களுக்கு அரை இலட்சத்துக்கு மேல் மிச்சம் வந்திருக்கும். ஆனால் முதல் விமானம் பிந்தி இரண்டாவதை விட்டால் யாரும் பொறுப்பில்லை. மூட்டையையும் நாமே எடுத்துத் திரும்பப் போட வேண்டும். அதற்குக் குடிவரவு தாண்டி வெளியே வரவேண்டும். ஒரே டிக்கெட் என்றால் கட்டுநாயக்காவில் கொடுத்த மூட்டை ரொறன்ரோவில் வரும், விமானத்தை விட்டால் அடுத்ததில் ஏற்றுவது அவர்கள் கடமை. ஸ்ரீலங்கனும் பிரிட்டிஷ் எயார்வேஸும் கட்டார் எயார்வேஸும் ஒரே கூட்டணியில் இருப்பதால் இரண்டு வழிக்கும் அப்படி எடுக்கலாம்.

சந்தி என்பது எப்போதும் மூடக்கூடியது என்பதையும் பார்த்தோம். 2025 மார்ச் 21ஆம் திகதி, பக்கத்து மின் உபநிலையத்தில் தீப்பிடித்து ஹீத்ரோ முழுதாக மூடப்பட்டது. மூன்று மாதம் கழித்து, ஜூன் 23இல், கட்டார் தன் வான்பரப்பை மூடியது. அன்றிரவு ஈரானின் ஏவுகணைகள் அங்குள்ள அமெரிக்கத் தளத்தை நோக்கி வந்தன. வெல்ல யாருமில்லை, ஒன்றுக்கு ஒன்று.

இவ்வளவும் எழுதினோம். ஆனால் சண்டை இதைப் பற்றி இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அம்மம்மாவுக்கு மூன்று பெண்பிள்ளைகள். நடுவில் அம்மா, இங்கே. மூத்தவ பெரியம்மா, ரொறன்ரோவில். கடைசி சித்தி, லண்டனில். சித்தி போய்ப் பதின்மூன்று வருசம். அவவின் கேஸ் இன்னும் முடியவில்லை. முடியும்வரை அவ அங்கிருந்து அசைய முடியாது. இதற்கு மேல் சித்தியைப் பற்றி இங்கே எழுதமாட்டோம். கலியாணத்துக்கு ரொறன்ரோவில் எல்லோரும் கூடும்போதும் அவ இருக்கமாட்டா.

ஆகவே லண்டனால் போனால் என்ன?

நாங்கள் அந்தச் சட்டத்தைப் படித்தோம். விமான நிலையத்துக்கு உள்ளேயே ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கும் பிரித்தானியா சில நாட்டுக்காரரிடம் விசா கேட்கிறது. இலங்கை அதில் ஒன்று. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளிடமும் அப்படியொரு பட்டியல் உண்டு, 12 நாடுகள், அதிலும் நாங்கள் இருக்கிறோம். நல்லவேளை, செல்லுபடியாகும் கனடா விசா இருந்தால் இரண்டிலும் விலக்கு. பிரித்தானிய விதி அதற்கும் மேலே ஒரு படி போகிறது. கனடா விசாவோடு கனடா போகிறவர், அல்லது அங்கிருந்து வருகிறவர், அடுத்த நாள் நள்ளிரவுக்கு முன் புறப்படும் உறுதியான டிக்கெட் வைத்திருந்தால், விசா இல்லாமலே எல்லையைத் தாண்டி வெளியே வரலாம். நாங்கள் பார்த்த விமானம் மாலையில் ஹீத்ரோவில் இறங்கும், ரொறன்ரோ விமானம் அடுத்த நாள் பகலில். இடையில் ஒரு இரவு. சித்தியின் வீட்டில் ஒரு இரவு.

அன்று வீடு துள்ளியது. சித்தி வட்ஸ்அப்பில் அழுதா. இடியப்பத்துக்கு மா இருக்கா, அம்மம்மா எந்தக் கட்டிலில் படுப்பா என்பதுவரை கதைத்து முடித்தார்கள்.

அடுத்த நாள் மூத்த அக்காதான் அந்தப் பக்கத்தை இன்னொருக்கா வாசித்தா. 'வரலாம்' என்பது உரிமை இல்லை. எல்லையில் நிற்கிற அதிகாரி தீர்மானிக்க வேண்டும். வருகிறவர் உண்மையாகவே கடந்து போகத்தான் வருகிறார் என்று அவருக்குத் திருப்தி வரவேண்டும். அவர் கேட்பார்: எங்கே தங்கப்போறீங்கள்? இங்கே யார் இருக்கினம்? அவவுக்கு விசா என்ன?

"மகள் இருக்கிறா எண்டு சொல்லாதேங்கோ அம்மா, ஹோட்டல் எண்டு சொல்லுங்கோ" என்று அம்மா மெதுவாகச் சொன்னா. அம்மம்மா நிமிர்ந்து பார்த்தா. "பெத்த பிள்ளையை இல்லையெண்டு சொல்லவோ?"

அதற்கு மேல் அன்று யாரும் கதைக்கவில்லை.

அம்மம்மாவுக்கு 'ட்ரான்சிட்' என்ற சொல் புதிது இல்லை. 1991இல் பெரியம்மா 'ஏஜென்சி'க்காரனோடு புறப்பட்டா. எந்தெந்த நாட்டில் இறங்கினா என்று இன்றுவரை ஒழுங்காகச் சொன்னதில்லை. ஏழு மாதம் கடிதமும் இல்லை, கோலும் இல்லை. "ட்ரான்சிட்டில நிக்கிறா" என்று மட்டும் ஏஜென்சி சொல்லிக்கொண்டிருந்தான். ட்ரான்சிட் என்பது ஒரு ஊரின் பெயர் என்று அம்மம்மா நினைத்திருந்தாவாம். எங்கள் ஆட்கள் நேர்வழியால் போனது குறைவு. 1980களின் நடுவில் கிழக்கு பெர்லினில் இறங்கி, கடந்துபோகும் விசாவில் ரயிலேறி மேற்கு பெர்லினுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர்.

1986 ஓகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்துகொண்டிருந்ததை மீன்பிடிக்காரர் கண்டு காப்பாற்றினார்கள். அத்லாந்திக்கைக் கடந்த தமிழர் கதைகளில் இதைவிடப் பெரியது எங்களுக்குத் தெரியாது. இந்தியாவிலிருந்து வருகிறோம் என்றுதான் அவர்கள் முதலில் சொன்னார்கள். கப்பல் புறப்பட்டது மேற்கு ஜெர்மனியிலிருந்து. உண்மையான வழியைச் சொன்னால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். விசயம் சில நாளில் வெளிவந்து, பத்திரிகைகள் அவர்களைப் பொய்யர் என்றன. கனடா அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. அதே நியூஃபவுண்ட்லாந்திலிருந்துதான் 1919இல் அல்கொக்கும் பிறவுனும் முதன்முதலாக நிற்காமல் அத்லாந்திக்கைப் பறந்து கடந்தார்கள் என்று தம்பி சேர்த்துச் சொன்னான். அவர்களிடம் யாரும் விசா கேட்டிருக்கமாட்டார்கள்.

ஹீத்ரோவில் வெளியே வராமல் உள்ளேயே மாறலாமே என்று ஒரு மாமா சொன்னார். இரவு முழுக்க உள்ளே இருக்க விடுவார்களோ என்பது ஒருபுறம். தாய் கண்ணாடிக்கு உள்ளே, மகள் இரண்டு ட்ரெயின் தள்ளி. அதற்கு டோஹாவே மேல் என்று நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னோம். எங்களுக்குள் ஒத்துப்போன ஒரே விசயம் அதுதான்.

மூத்த அக்கா டோஹா. தம்பி லண்டன்: சட்டம் இடம் தருகிறது, உண்மையையே சொல்லட்டும், பெரும்பாலும் விடுவார்கள் என்றான். எங்களில் மூன்றாவது ஆள் நாளுக்கொரு பக்கம். விடாவிட்டால் என்ன நடக்கும் என்பதுதான் கேள்வி. எழுபத்தினாலு வயது மனுசி ஒரு அறையில் தனியே இருக்க, வெளியே சித்தி நிற்க, அந்தப் பதிவு சித்தியின் கேஸிலும் ஒரு காகிதமாகப் போய்ச் சேர்ந்தால்? சித்தியே கடைசியில் போன் எடுத்து, "அம்மா டோஹாவால போங்கோ" என்றா. இரண்டு மணித்தியாலம் அம்மாவும் அவவும் கதைத்தார்கள். எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். நாங்கள் உள்துறைமுக வீதிக் கட்டில் இருந்து, அந்தப் பக்கம் சீனன்குடாவில் பிரீமா மாவாலை லைட் எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இவ்வளவு பெரிய துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, எங்கு போவதென்றாலும் முதலில் இரவு வானில் ஏறி ஹபரணை, தம்புள்ளை என்று கட்டுநாயக்கா போக வேண்டியிருக்கிறது.

டோஹா டிக்கெட் எடுத்தோம். ஒரே டிக்கெட், நடுவில் மூன்றரை மணித்தியாலம், வீல்செயார், ஓரத்துச் சீற். ஒன்றரை மணித்தியால இடைவெளியோடு மலிவாக ஒன்று இருந்தது, விட்டுவிட்டோம். போக மட்டும். சூப்பர் விசாவில் ஒருமுறை போனால் ஐந்து வருசம்வரை நிற்கலாம், பெரியம்மா குறைந்தது இரண்டு வருசம் என்கிறா. திரும்பும் திகதி யாருக்கும் தெரியாது.

முகவர் அண்ணா பிரின்ற் எடுத்துக் கொடுத்தபோது அம்மம்மா அதை வாங்கி, திருப்பிப் பார்த்து, மேசையில் வைத்தா.

"தம்பி, திரும்பி வாறது லண்டனால எண்டு எழுதி வையுங்கோ."

"அம்மா, அது இப்ப புக் பண்ண ஏலாது. வாற நேரம் பாத்துச் செய்வம்."

"புக் பண்ணச் சொல்லேல்ல. எழுதச் சொன்னன்."

அவர் எங்களைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, தாளின் பின்பக்கத்தில் எழுதினார்.