பாவுக்கு மேலே பறந்த பந்து

எங்கள் தெருவில் பொழுது விடிவது கஞ்சி வாடையில்தான். வெயில் ஏறுமுன் தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இழை இழையாக நீவிக் காயவிடுவார்கள். புளித்த கஞ்சியும் சாய நூலும் கலந்த அந்த வாடையோடு, வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்டபடியே இருக்கும். அருப்புக்கோட்டையில் எங்களுக்கு அதுதான் தாலாட்டு. சத்தம் நின்றால்தான் முழிப்புத் தட்டும்.

இடுப்பு உயரத்தில் நின்ற அந்தப் பாவுதான் எங்கள் டென்னிஸ் வலை. திருச்சுழி மாமா விறகோடு விறகாக வண்டியில் போட்டுவந்த பனைமட்டையைக் கருக்குச் சீவி, கைப்பிடிக்குப் பழந்துணி சுற்றினால் பேட் ஆகிவிடும். கழிவு நூலை உருட்டி, மேலே சைக்கிள் டியூப் துண்டுகளை மாட்டினால் பந்து. பெரியப்பா மகன் என்னைவிட ஒரு வயது மூத்தவன்; அந்த உரிமையில் தினமும் அவன்தான் ராமநாதன் கிருஷ்ணன். தோற்கிற வெள்ளைக்காரன் வேஷம் எப்போதும் எனக்கு.

டென்னிஸ் கோர்ட்டையே கண்ணால் பார்க்காத எங்களுக்குக் கிருஷ்ணனைக் கொண்டுவந்தது சித்தப்பா. டீக்கடையில் பேப்பரை வரி விடாமல் படித்துவிட்டு வந்து, தறிக்குழியில் கால் தொங்கவிட்டிருக்கும் தாத்தாவுக்கு ஒப்பிப்பார். நாகர்கோவிலில் பிறந்து, அப்பா ராமநாதனிடமே ஆட்டம் பழகியவர். 1954இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வாங்கிய முதல் ஆசியர். 1960, 61 இரண்டு வருஷமும் பெரியவர்கள் போட்டியில் அரையிறுதி வரை போனவர். ஃப்ரேசரிடமும் லேவரிடமும் தோற்றார் என்று சொல்லும்போது சித்தப்பாவின் குரல் இறங்கும். "தோக்கடிச்ச ரெண்டு பேரும் அந்தந்த வருஷம் கோப்பையே வாங்கினவங்கப்பா" என்று உடனே தூக்கி நிறுத்துவார்.

1966 டிசம்பரில் கல்கத்தாவில் டேவிஸ் கோப்பை ஆட்டம். "கிருஷ்ணன் பிரேசில் கோச்சை மடக்கிட்டாரு" என்று சித்தப்பா ஓடிவந்தபோது, எனக்குத் தெரிந்த ஒரே கோச்சு ரயில் கோச்சுதான். ஒற்றை ஆளாக ரயில் பெட்டியை மறித்து நிறுத்திய மனிதரை நினைத்து இரண்டு நாள் மலைத்துக் கிடந்தேன். அது தாமஸ் கோச் என்கிற ஆட்டக்காரர் என்பது பிறகுதான் புரிந்தது. இரண்டு பக்கமும் இரண்டு வெற்றி, கடைசி ஆட்டம். கோச் இரண்டுக்கு ஒன்று என்று செட்டில் முந்தி, நான்காவது செட்டிலும் 5-2 என்று நின்றார். அங்கிருந்து அதை 7-5 என்று பிடுங்கி, ஐந்தாவதையும் கிருஷ்ணன் எடுத்தார். இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனது.

"அம்புட்டு ஓங்கியா அடிப்பாரு?" என்றார் தாத்தா.

"இல்லப்பா. அடியில வேகமே கிடையாதாம். தொட்டுத்தொட்டு விடுறதுதானாம்."

"பின்னே? இழையை வெடுக்குன்னு இழுத்தா அறுந்துல்ல போகும்" என்று தாத்தா நாடாவைத் தள்ளினார்.

அந்த உற்சாகத்தில் மறுநாள் காலை நான் ஓங்கி அடித்தேன். பந்து நேராகப் பாவில் விழுந்து, பத்திருபது இழைகளை அறுத்துக்கொண்டு போனது. பெரியப்பா மகன் இருந்த இடம் தெரியவில்லை. தாத்தா அடிக்கவில்லை, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, அறுந்த முனைகளை ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்து முடியச் சொன்னார். "விரல்ல பதம் வரட்டும்டே." பள்ளிக்கூட மணி அடித்த பிறகும் பாதிதான் முடிந்திருந்தது.

மெல்போர்ன் இறுதியில் ஆஸ்திரேலியா 4-1 என்று வென்றது. அந்த ஒன்று, கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து நியூகோம்ப், ரோச் ஜோடியை வென்ற இரட்டையர் ஆட்டம். பின்னாளில் கிருஷ்ணனின் மகன் ரமேஷ் 1979இல் அதே விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை வாங்கினார்; 1987இல் இன்னொரு டேவிஸ் கோப்பை இறுதியிலும் ஆடினார். அவரும் தொட்டு ஆடுகிறவர்தான். ரமேஷை டிவியில் பார்த்தபோதுதான், சித்தப்பா சொன்னது எனக்குக் கண்ணால் விளங்கியது. பந்தைப் பார்க்கவில்லை, அவர் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிருஷ்ணன் ஆடி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும் இன்றைக்கும் சட்டைப் பொத்தான் அறுந்தால் வீட்டில் ஊசி நூல் என் கைக்குத்தான் வரும்.