பிஸ்தா விளையாத ஊரின் சாக்லேட்

தேரா, துபாய்

டிசம்பர் பிறந்துவிட்டால் சேலம் பக்கத்து எங்கள் ஆட்டையாம்பட்டியில் என்னை நினைத்துக்கொள்கிறவர்கள் அதிகமாகிவிடுவார்கள். "தம்பி, லீவுக்கு அந்தப் பக்கம் வரலாம்னு இருக்கோம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் வரும். பின்னாலேயே ஒரு பட்டியலும் வரும். ஒரு காலத்தில் அந்தப் பட்டியலில் டேப்ரெகார்டர், கோடாலித் தைலம், சென்ட் பாட்டில், பால் பவுடர் டின் எல்லாம் இருந்தன. வளைகுடாவிலிருந்து வந்தவர் பெட்டியைத் திறந்தால் பாதித் தெரு வாசலில் நிற்கும். டேப்ரெகார்டர் ஒழிந்தது, மற்றவை சேலம் கடைவீதியிலேயே கிடைக்கின்றன. இப்போது வருகிற பட்டியல்களில் தவறாமல் முதல் வரியில் நிற்பது ஒன்றுதான்: பிஸ்தா வைத்த துபாய் சாக்லேட்.

அந்தச் சாக்லேட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2021இல் சாரா ஹமூதா என்ற பெண்மணி இங்கே சின்ன அளவில் தொடங்கிய வியாபாரம் அது. கெட்டியான சாக்லேட்டுக்குள் பிஸ்தா விழுது, எள் விழுது, வெண்ணெயில் மொறுமொறுப்பாக வறுத்த சேமியா போன்ற மாவிழை. 2023 கடைசியில் ஒரு பெண் காரில் உட்கார்ந்து அதைக் கடித்துச் சாப்பிடும் வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. அதன்பிறகு ஐரோப்பாவின் சூப்பர் மார்க்கெட்டுகள்வரை ஆளாளுக்கு அதே மாதிரி செய்து 'துபாய் சாக்லேட்' என்று விற்கத் தொடங்கினார்கள். துருக்கியில் செய்த சாக்லேட்டுக்கு துபாய் என்று பெயர் வைக்கலாமா என்ற வழக்கு 2025இல் ஜெர்மனியின் கொலோன் நகரக் கோர்ட்டு ஏறியது.

இந்த ஊரில் கொக்கோ விளையாது, பிஸ்தா விளையாது, எள்ளும் விளையாது. விளைந்தது பெயர் மட்டும். அந்தப் பெயரை ஒரு சாக்லேட்டின் மேல் ஒட்டினால் உலகம் வரிசையில் நிற்கிறது. துபாயில் சுற்றிப் பார்க்கவும் சாமான் வாங்கவும் வருகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

எண்ணெய்க் காசுதான் துபாயை வளர்த்தது என்று நம் பக்கம் சொல்வார்கள். அது பாதி உண்மை. எதிர்க்கரையில், பாரசீகத்தின் லிங்கா துறைமுகத்தில் சுங்கவரி ஏறியபோது, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கே ஆண்ட ஷேக், இறக்குமதிக்கு வரி வேண்டாம் என்று சொல்லி அந்த வியாபாரிகளை இழுத்துக்கொண்டார். பர்துபாயில் காற்றுக் கோபுரம் வைத்த பழைய வீடுகளின் முன்னால் நின்று டூரிஸ்ட்டுகள் படம் எடுத்துக்கொள்கிறார்களே, அந்தத் தெரு அப்படி வந்து குடியேறியவர்களுடையது. 1930களில் ஜப்பானின் வளர்ப்பு முத்து வந்து, வளைகுடாவின் முத்துக்குளிப்பைப் படுக்க வைத்தது. அப்போதும் வியாபாரிகள் ஊரை விட்டுவிடவில்லை. மணல் மேடிட்டுப் படகு நுழைய முடியாமல் கிடந்த க்ரீக் என்ற கடற்கழியை 1950களின் கடைசியில் கடன் வாங்கித் தோண்டினார் அப்போது ஆண்ட ஷேக் ராஷித். கடலுக்கடியில் எண்ணெய் இருப்பது தெரிந்தது 1966இல். கடைத்தெருவை ஒழுங்கு செய்து வைத்த பிறகுதான் எண்ணெய் வந்தது.

அந்த க்ரீக்கில் இன்றும் ஒரு திர்ஹாம் கொடுத்தால் மரப்படகில் அக்கரைக்குப் போகலாம். நடுவில் நீளமாக ஒரு பலகை. முதுகுக்கு முதுகு காட்டி இரண்டு வரிசையாக உட்கார வேண்டும். படகுக்காரர் காலால் சுக்கானைத் தள்ளிக்கொண்டே கையில் காசு வாங்குவார். தேராப் பக்கக் கரையில் ஃபிரிட்ஜ், டயர், அரிசி மூட்டை என்று ஏற்றிக்கொண்டு ஈரானுக்கும் சோமாலியாவுக்கும் போகும் மரக்கலங்கள் நிற்கும். ஊருக்கு வருகிறவர்களை முதலில் இங்கேதான் கூட்டிப்போவேன். பெரிய ஷாப்பிங் மாலைப் பார்த்த கண்ணோடு இங்கே வந்தால் இதன் அருமை தெரியாது.

பெரியப்பா மகன் அண்ணனும் அண்ணியும் வந்தபோதும் அப்படித்தான். அண்ணனுக்குத் தறி; அண்ணியின் பிறந்த வீட்டில் மூன்று தலைமுறையாக முறுக்கு அடுப்பு. படகிலிருந்து இறங்கி நடந்தால் கோல்டு சூக். மரக்கூரை போட்ட நீளமான தெரு, இரண்டு பக்கமும் கண்ணாடிக்குள் மார்பு மறைக்கும் அளவுக்குத் தங்கம். ஏறக்குறைய 64 கிலோ எடையுள்ள மோதிரம் ஒன்று காட்சிக்கு இருக்கிறது. அதன் முன்னால் எல்லாரையும் போல அண்ணியும் படம் எடுத்துக்கொண்டார். வழி நெடுக "காப்பி வாட்ச், காப்பி பேக்" என்று காதோரம் கிசுகிசுத்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்துவிடுவது நல்லது.

இந்தத் தெருவுக்கும் நமக்கும் பழைய பந்தம் உண்டு. ஒரு காலத்தில் இங்கே செலாவணியே நம் ரூபாய்தான். இந்தியாவுக்குள் கடத்துவதற்கு இங்கே தங்கம் வாங்கியவர்கள் ரூபாயாகவே கொட்டினார்கள். அந்த ரூபாய்க்கெல்லாம் டெல்லி அன்னியச் செலாவணியில் கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது. தாங்க முடியாமல் 1959இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டு அடித்தது. 1966இல் நம் ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும், அந்த நோட்டையும் கைவிட்டு இவர்கள் வேறு நாணயத்துக்குப் போய்விட்டார்கள். இன்று திர்ஹாம் டாலரோடு கட்டப்பட்டிருக்கிறது: ஒரு டாலருக்கு 3.6725.

அண்ணி ஒரு கடையில் உட்கார்ந்தார். விற்பனையாள் மலப்புறத்துக்காரர், நல்ல தமிழ். சுவரில் அன்றைய விலை மின்னிக்கொண்டிருந்தது: 24, 22, 21, 18 காரட். அரபிக் குடும்பங்கள் 21 கேட்கும், நம்மவர்கள் 22, வெள்ளைக்காரர்கள் 18. அந்தப் போர்டில் உள்ள விலையில் பேரம் கிடையாது. பேரம் எல்லாம் செய்கூலியில்தான்.

"கிராமுக்கு முப்பத்தஞ்சு திர்ஹாம் அக்கா."

அண்ணி சங்கிலியை உள்ளங்கையில் போட்டுக் குலுக்கிப் பார்த்தார். கொக்கியைத் திருப்பி நகத்தால் நெருடினார். "மிஷின்ல அடிச்ச சங்கிலிக்கு எதுக்குங்க இவ்ளோ கூலி? கை வேலையா இருந்தாலாவது கேக்கலாம்."

அவர் சிரித்துவிட்டார். முப்பது, இருபத்தெட்டு என்று இறங்கி இருபத்திரண்டில் நின்றது. அதற்குள் அண்ணன் போனில் சேலத்து விலையை எடுத்துக் கணக்குப் போட்டுவிட்டான். பவுனுக்கு மிச்சப்படுவது, படகுக்கும் டீக்கும் சரியாகப் போகும் போலிருந்தது. 2024 ஜூலை பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாக இறக்கியபோதே இரண்டு ஊர் விலைக்கும் நடுவே இருந்த இடைவெளி நன்றாகச் சுருங்கிவிட்டது. வரி ஏறும், இறங்கும். வாங்குகிற அன்றைக்கு இரண்டு பக்கத்து விலையையும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் என்று நம் சுங்கத்தில் இருக்கும் நகைச் சலுகை, வெளிநாட்டில் ஒரு வருடத்துக்கு மேல் தங்கித் திரும்புகிறவர்களுக்கானது. ஒரு வாரம் சுற்றிப்பார்க்க வந்தவர் அந்தச் சலுகையை நம்பி நகை வாங்கினால் விமான நிலையத்தில் சங்கடப்படுவார்.

சங்கிலியை அண்ணி திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் அவ்வளவு நேரம் பேசிவிட்டு வெறுங்கையோடு எழுந்திருக்க மனமில்லாமல் மகளுக்கு ஒரு ஜோடிக் கம்மல் வாங்கினார்.

மற்ற சாமான்களின் கதையும் இதுதான். போன், லேப்டாப் எல்லாம் இங்கே பெரிய மலிவில்லை. 2018 ஜனவரியிலிருந்து 5 சதவீதம் வாட் வரி உண்டு. டூரிஸ்ட்டாக வருகிறவர்கள் 250 திர்ஹாமுக்குக் குறையாமல் வாங்கும்போது, வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் சேர்ந்த கடையாக இருந்தால், பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்துகொண்டு, திரும்பும்போது விமான நிலையத்தில் அந்த வரியின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளலாம். பேரீச்சை, பாதாம், அத்திப்பழம், குங்குமப்பூ வாங்க மால் வேண்டாம். கோல்டு சூக்கை ஒட்டிய மசாலாத் தெருவில் நாலு கடை ஏறி இறங்கி, நிறுக்கும்போது தராசைப் பார்த்து வாங்கினால் போதும்.

பிறகு ஏன் இவ்வளவு கூட்டம்? 2024இல் மட்டும் துபாய்க்கு வந்து இரவு தங்கிப் போனவர்கள் 1 கோடியே 87 லட்சம் பேர். ஊரின் சொந்த ஜனத்தொகை 40 லட்சத்தை ஒட்டித்தான் இருக்கும். சாமான் மலிவு என்று வந்த காலம் முடிந்துவிட்டது. கடையையே காட்சியாக்கிவிட்டார்கள். 1996இல் ஷாப்பிங் திருவிழா என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சாமிக்குத் தேர் இழுப்பதைக் கேட்டிருக்கிறோம், கடைக்காகவே ஊர் முழுக்கத் திருவிழா எடுத்தது அதுதான் எனக்குத் தெரிந்து முதல் தடவை. 2008 நவம்பரில் துபாய் மால் திறந்தது. 1200 கடைகளுக்கு மேல். ஒன்றரை வருடத்துக்குள் பக்கத்திலேயே 828 மீட்டருக்கு புர்ஜ் கலீஃபா எழுந்து நின்றது. மாலுக்குள் நுழையக் காசில்லை. மூன்று மாடி உயரத்துக்குச் சுறாவும் திருக்கையும் நீந்தும் தொட்டியை வெளியே நின்று பார்க்கக் காசில்லை. நீரூற்று பாட்டுக்கு ஆடுவதைப் பார்க்கவும் காசில்லை.

வார லீவு மாலையில் அந்த நீரூற்றுக் கரையில் நின்று பாருங்கள். அல் கூஸ் கேம்ப்பிலிருந்து பஸ்ஸிலும் மெட்ரோவிலும் வந்த கட்டடத் தொழிலாளிகள் துவைத்த சட்டையோடு வரிசையாக நிற்பார்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30இலிருந்து 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. மற்ற நேரத்து வெயிலெல்லாம் இவர்களுடையதுதான். மாலில் இவர்கள் வாங்கக்கூடிய பொருள் அநேகமாக ஒன்றும் இல்லை. ஆனால் ஆளுக்கொரு வீடியோ எடுப்பார்கள். அது அன்றிரவே விழுப்புரத்துக்கும் பீகாருக்கும் பெஷாவருக்கும் போகும். காசு கொடுத்து வாங்காதவனையும் தன் விளம்பரக்காரனாக ஆக்கிக்கொள்ளத் தெரிந்த ஊர் இது. மலப்புறத்துக்காரரைப் போன்றவர்கள் சூக்கில் காலையில் நின்று, மதியம் கடை சாத்தி, மறுபடி மாலையிலிருந்து இரவு பத்துக்கு மேல்வரை நிற்பார்கள். நாயிஃப் பக்கம் ஓர் அறையில் ஆறு கட்டிலில் ஒன்று, பெட் ஸ்பேஸ், அவர்கள் வீடு. இந்த ஊரின் பெயர் மினுங்குவதில் இவர்களுடைய பங்குக்குக் கணக்கு எழுதுவார் யாரும் இல்லை.

அண்ணி பெட்டியில் ஒரு தகர டப்பா நிறைய முறுக்கு கொண்டுவந்திருந்தார். ஆட்டையாம்பட்டிக் கைமுறுக்கு. ஆபீசுக்குக் கொஞ்சம் எடுத்துப்போனேன். எகிப்துக்காரரும் பிலிப்பைன்ஸ் பெண்ணும் தட்டைக் காலி செய்துவிட்டு, எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார்கள். கராமாவின் தமிழ்க் கடைகளில் முறுக்கு பாக்கெட் அடுக்கடுக்காக இருக்கிறது. நான் புரட்டிப் பார்த்தவரை ஒன்றிலும் நம் ஊர்ப் பெயர் இல்லை. சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்த பெயர், கராமாவுக்கு வந்து சேரவில்லை.

வர முடியாத தூரமும் இல்லை. பக்கத்து நாமக்கல்லின் முட்டை, உடைந்தால் போயிற்று என்கிற சரக்கு, தூத்துக்குடியில் குளிர்ப்பெட்டியில் ஏறி வளைகுடாவுக்கு வருகிறது. அஸ்ஸாமின் ஹோஜாய் என்ற சின்ன ஊர்க்காரர் ஹாஜி அஜ்மல் அலி 1951இல் ஆரம்பித்த அத்தர் வியாபாரம், இங்கே அஜ்மல் என்ற பெயரில் மாலுக்கு மால் நிற்கிறது. 2022 மே 1 முதல் இந்தியாவுக்கும் அமீரகத்துக்கும் வர்த்தக ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது. நம் சரக்கு பலவற்றுக்கு இங்கே சுங்கவரி இல்லை. பாக்கெட்டில் அரபியில் பெயர், என்னென்ன சேர்ந்தது, எடை, செய்த நாள், கெடும் நாள் எல்லாம் இருக்க வேண்டும். எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் அடைக்கத் தெரிய வேண்டும். அடுப்பு வைத்திருக்கிற பத்து வீடு சேர்ந்தால் ஆகக்கூடிய காரியம்.

அண்ணனிடம் சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை. "முறுக்கு அன்னிக்கு சுட்டு அன்னிக்குத் தின்னாத்தான்டா முறுக்கு. மூணு மாசம் கழிச்சு நமுத்துப் போனத ஒருத்தன் தின்னுட்டு ஆட்டையாம்பட்டின்னாலே இப்படித்தான்னு சொல்றதுக்கா?" என்றான்.

அவன் பயம் நியாயம்தான். பெயர் பரவினால் போலியும் கூடவே பரவும். துபாய் சாக்லேட்டுக்கே அந்தக் கதி. ஆனால் அண்ணி வேறு மாதிரி யோசித்துக்கொண்டிருந்தார். சாக்லேட் கடையில் அவர் விலையைக் கேட்கவில்லை. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கெடும் நாள் எத்தனை மாதம் போட்டிருக்கிறது என்று கேட்டார். காகிதத்தை எப்படி ஒட்டியிருக்கிறார்கள் என்று ஓரத்தை நகத்தால் நிமிண்டினார். ஒரு பெட்டிதான் வாங்கினார், அதுவும் பிரித்துப் பார்க்க.

இங்கே வருகிறவர்கள் அண்ணி மாதிரி வர வேண்டும் என்பது என் ஆசை. உயரமான கட்டடத்தைப் பாருங்கள், நீரூற்றைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்றுமே விளையாத ஒரு ஊர் எதையெல்லாம் எப்படி விற்கிறது என்று ஒரு சாயங்காலமாவது கடை கடையாக நின்று கவனியுங்கள். வரும்போது உங்கள் ஊர்ச் சரக்கு எதுவோ அதில் ஒரு பாக்கெட், மேலே ஊர்ப் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, கையோடு கொண்டுவாருங்கள். கேட்பதற்கு இங்கே ஆள் இருக்கிறது.